மருந்து சாப்பிடச் சாப்பிடக் கட்டி பெரிதாகிறதே, டாக்டர்?

ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கமாகத் தருகிறேன்.

பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் 27 வயதுத் தம்பிக்குக் கழுத்தின் வலப்பக்கம் நெறிக்கட்டி (நிணநீர்க் கணு வீக்கம்) வந்தது. ஊசி வைத்து எடுத்துப் பரிசோதித்ததில் காசநோய் என்று தெரிந்தது. சிபிநாட் பரிசோதனையில் கிருமி இருப்பது உறுதியானது. ரிஃபாம்பிசின் என்ற முக்கிய டிபி மருந்துக்குக் கிருமியின் எதிர்ப்பு இல்லை. அரசு மருத்துவமனையில் மாத்திரை ஆரம்பித்தார்கள். ஆறு வாரத்தில் கட்டி பாதியாக வடிந்தது. பத்தாவது வாரம், நான்கு மருந்து மாத்திரை முடிந்து மூன்று மருந்து மாத்திரைக்கு மாறிய சில நாளிலேயே, பழைய கட்டி முன்பைவிடப் பெரிதாகிவிட்டது. பக்கத்தில் புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது. தோல் சிவந்து, சாயங்காலமானால் உடம்பு சுடுகிறது. மருத்துவர் சீழை ஊசியால் உறிஞ்சி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். தம்பி அதைத் தொடவில்லை. “டிபிக்கு எதிர்ப்புச் சக்தி வேணும்கிறாங்க, இவர் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மாத்திரையைக் கொடுக்கிறார், எப்படிக்கா சாப்பிடுறது?” என்று கேட்கிறான். இதற்கிடையில் ஒரு உறவினர், “மேக்ரோஃபேஜ் செல்களைத் தூண்டிவிடும்” (கிருமியை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்கள் அவை) என்று சொல்லி மாதம் 3,400 ரூபாய் கேப்ஸ்யூலைக் கொண்டுவந்திருக்கிறார். வீட்டில் சர்க்கரை நோயுள்ள அப்பாவும் வாசகியின் நான்கு வயது மகளும் இருக்கிறார்கள். தை மாதம் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது.

அன்புள்ள வாசகிக்கு,

எஃப்என்ஏசி (ஊசி வைத்து எடுத்த பரிசோதனை) ரிப்போர்ட்டை ஒரு வரி விடாமல் டைப் செய்து அனுப்பியதற்கு நன்றி. “எபிதீலியாய்டு செல் கிரானுலோமா, லாங்ஹான்ஸ் ஜயன்ட் செல்கள், நடுவில் கேசியஸ் நெக்ரோசிஸ்” என்று இருக்கிறதல்லவா? உறவினர் தூண்டிவிடச் சொல்லும் மேக்ரோஃபேஜ்கள் இவைதான். எபிதீலியாய்டு செல் என்பது உருமாறிய மேக்ரோஃபேஜ். அவை நெருக்கமாகத் திரண்ட முடிச்சுதான் கிரானுலோமா. ஜயன்ட் செல் என்பது பல மேக்ரோஃபேஜ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கலந்து, பல உட்கருக்களோடு ஒரே செல்லாக ஆனது. கேசியஸ் என்பது நடுவில் செத்துப்போன திசு. பார்ப்பதற்குப் பாலாடைக்கட்டி போல இருக்கும். ஆக, உங்கள் தம்பியின் கழுத்தில் மேக்ரோஃபேஜ்கள் ஏற்கெனவே கூட்டமாக விழித்துத்தான் இருக்கின்றன. பிரச்சினை அவை தூங்குவதில் இல்லை.

ஒரே செல், பல வேலை

1882-ல் இத்தாலியின் மெசினா நகரத்தில், கண்ணாடி போலத் தெளிவான நட்சத்திரமீன் குஞ்சுக்குள் ரோஜா முள்ளைக் குத்திவைத்துக் காத்திருந்தார் இலியா மெச்னிகோவ். மறுநாள் காலை முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்திருந்தன. கிருமியை விழுங்கும் செல்கள் உடம்பில் உண்டு என்ற அவருடைய கருத்துக்கு 1908-ல் நோபல் பரிசு கிடைத்தது. அன்றிலிருந்து பொதுமக்கள் மனதில் மேக்ரோஃபேஜ் என்றால் சிப்பாய் என்று பதிந்துவிட்டது. எத்தனை சிப்பாய் இருக்கிறார்களோ அத்தனை நல்லது என்ற எண்ணமும் கூடவே வந்துவிட்டது. உங்கள் தம்பியின் கேள்வி இந்த எண்ணத்திலிருந்துதான் பிறக்கிறது.

நுரையீரலின் காற்றறைகளில் குடியிருக்கும் மேக்ரோஃபேஜ்களுக்கு அன்றாட வேலை சண்டை இல்லை, துப்புரவு. மூச்சோடு வரும் தூசி, புகைக்கரி, பஞ்சு, உதிர்ந்த செல்கள் எல்லாவற்றையும் சத்தமில்லாமல் விழுங்க வேண்டும். ஒவ்வொரு தூசிக்கும் அவை கொதித்தெழுந்தால் நம்மால் மூச்சுவிடவே முடியாது. அந்த அமைதியான கட்டத்தில் காசநோய்க் கிருமி உள்ளே வருகிறது. அதையும் விழுங்குகின்றன. சாதாரணமாக, விழுங்கப்பட்ட கிருமி இருக்கும் பை, அமிலமும் நொதிகளும் நிறைந்த இன்னொரு பையோடு சேர்ந்தால் கிருமி செரித்துப்போகும். காசநோய்க் கிருமி இந்தச் சேர்க்கையைத் தடுத்துவிடுகிறது. விழுங்கிய செல்லே அதற்கு வீடாகிவிடுகிறது. அந்தக் கிருமி நிணநீர்க் கணுவுக்குப் பயணப்படுவதும் விழுங்கும் செல்கள் மூலமாகத்தான். கழுத்து நெறிக்கட்டியின் கதை பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

பிறகு டி செல்கள் என்ற வேறுவகை நோயெதிர்ப்புச் செல்கள் வருகின்றன. அவை கிருமியை அடையாளம் கண்டு பெருகச் சில வாரம் பிடிக்கும். டிபி தொற்றிய பிறகு, தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மான்டூ பரிசோதனை பாசிட்டிவ் ஆவதற்கு 2 முதல் 8 வாரம் ஆவது இதனால்தான். டி செல்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற ரசாயனத்தைச் சுரந்ததும் மேக்ரோஃபேஜின் குணமே மாறுகிறது. சர்க்கரையை வேகவேகமாக எரிக்கத் தொடங்குகிறது. கிருமியைத் தாக்கும் நைட்ரிக் ஆக்சைடு வாயுவை உருவாக்குகிறது. தடைபட்டிருந்த பைகளும் சேரத் தொடங்குகின்றன. சில மேக்ரோஃபேஜ்கள் கிருமியைச் சுற்றி நெருக்கமாக அடுக்கி நின்று கிரானுலோமாவாகின்றன. சில, கொழுப்பை உறிஞ்சி நுரைத்த உருவம் எடுக்கின்றன. அந்தக் கொழுப்பையே கிருமி தீனியாக்கிக்கொள்வதும் உண்டு. இன்னும் சில, செத்த செல்களை அள்ளி, தழும்புத் திசு வளர வழிசெய்து, “போதும்” என்று மற்றவற்றை அடக்குகின்றன.

2000-ல் இந்த இரு துருவங்களுக்கும் எம்1, எம்2 என்று பெயர் வைத்தார்கள்: எம்1 சண்டைக்கு, எம்2 செப்பனிடுவதற்கு. மாணவர்களுக்குப் பாடம் நடத்த வசதியான பிரிவு. நிஜமான கட்டியை எடுத்துப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவில் பல நிலைகளில் நிற்கும் செல்களைத்தான் அதிகம் காண்கிறோம். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறியவரே கொஞ்ச நேரத்தில் இலை எடுக்கப் போவதில்லையா, அப்படி: அக்கம்பக்கத்திலிருந்து என்ன குரல் வருகிறதோ, அந்த வேலைக்கு அவை திரும்புகின்றன.

அப்படியானால் கட்டி ஏன் இப்போது வளர்கிறது?

நெறிக்கட்டி டிபிக்குச் சிகிச்சை எடுப்பவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இப்படி நடக்கிறது. பெரும்பாலும் முதல் இரண்டு, மூன்று மாதத்தில் வரும். ‘பாரடாக்சிகல் ரியாக்‌ஷன்’ என்போம். நோய் குறையும்போதே வீக்கம் கூடுவது. மருந்தால் கிருமிகள் கொத்துக் கொத்தாகச் சாகும்போது அவற்றின் சுவர்த் துண்டுகளும் புரதங்களும் கட்டிக்குள் சிதறுகின்றன. நோயால் சோர்ந்திருந்த டி செல்களும் அதே சமயம் தெம்பு பெற்றுத் திரும்புகின்றன. இரண்டும் சந்தித்தவுடன், மேக்ரோஃபேஜ்கள் உயிருள்ள கிருமிக்கு எதிராகச் செய்ய வேண்டிய சண்டையைச் செத்த கிருமியின் மிச்சத்தோடு போடுகின்றன. வீக்கம், சீழ், சிவப்பு, சாயங்காலக் காய்ச்சல் எல்லாம் அந்தச் சண்டையின் விளைவுகள். எச்ஐவி சிகிச்சை தொடங்கியவர்களிடம் இதே நிகழ்வு இன்னும் கடுமையாக வரும். எல்லா டிபி நோயாளிகளுக்கும் எச்ஐவி பரிசோதனை செய்யச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். தம்பிக்குச் செய்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்கு மருந்திலிருந்து மூன்றாகக் குறைத்ததுதான் காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து என்பதுதான் முறை. நிறுத்தப்பட்ட நான்காவது மருந்தான பைராசினமைடின் பெரும்பங்கு வேலை அந்த இரண்டு மாதத்திலேயே முடிந்துவிடும்.

ஆனால் “கட்டி பெரிதானால் எப்போதும் இப்படித்தான், கவலை வேண்டாம்” என்றும் நான் சொல்லமாட்டேன். மருந்து கேட்காத கிருமியாக இருந்தாலும் கட்டி வளரும். மாத்திரை விட்டுப்போனாலும் வளரும். ஊர்த் திருவிழாவுக்குப் போனபோது நாலைந்து நாள் விட்டுவிட்டான் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை மருத்துவரிடம் சொன்னீர்களா என்று எழுதவில்லை. தயவுசெய்து சொல்லிவிடுங்கள். திட்டு விழுந்தால் விழட்டும். முதல் பரிசோதனையில் கிருமி உறுதியாகி, ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு இல்லை என்று வந்து, ஆறு வாரம் கட்டி நன்றாக வடிந்து, அதன் பிறகு வீங்கியிருக்கிறது. எனவே ரியாக்‌ஷன் பக்கம்தான் என் சந்தேகம் சாய்கிறது. இன்னொரு டிபி மருந்தான ஐசோனியாசிடுக்கு எதிர்ப்பு இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

உறிஞ்சிய சீழின் ரிசல்ட் வரும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். சிபிநாட் கிருமியின் மரபணுவைத்தான் தேடுகிறது. செத்த கிருமியிலும் அது இருக்கும். அதனால் இப்போது “பாசிட்டிவ்” என்று வந்தால் மருந்து தோற்றுவிட்டது என்று பதறாதீர்கள். உயிருள்ள கிருமி வளர்கிறதா என்பதை, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை சொல்லும். அதற்கு ஆறு வாரம் வரை ஆகும். அதுவரை டிபி மாத்திரையை ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது. கட்டியின் மேல் பற்றுப் போடுவது, ஒத்தடம் கொடுப்பது, பிதுக்குவது வேண்டாம். கத்தியால் கீறிச் சீழ் எடுத்தால் புண் ஆறாமல் மாதக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கக்கூடும். உங்கள் மருத்துவர் ஊசியால் உறிஞ்சி எடுத்தது சரியான வழி.

ஸ்டீராய்டு: தம்பியின் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது

தம்பியை நான் குறை சொல்லமாட்டேன். மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் பெயர் தெரியாத மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்கி, அதில் இருந்த ஸ்டீராய்டால் உறங்கிக் கிடந்த டிபி எழுந்துவிட்ட நோயாளிகள் என்னிடம் வருகிறார்கள். 2001-ல் இன்னொரு எச்சரிக்கையும் வந்தது. மூட்டுவாதத்துக்கு இன்ஃப்ளிக்சிமாப் என்ற ஊசி போட்டவர்கள் சிலருக்கு டிபி கிளம்பியது. மேக்ரோஃபேஜ்களைச் சண்டைக்கு அழைக்கும் டிஎன்எஃப் என்ற ரசாயனத்தை அந்த ஊசி தடுக்கிறது. சண்டைக்குக் குரல் நின்றுபோனால் கிரானுலோமா கலைகிறது, கிருமி வெளியே வருகிறது.

இங்கேதான் எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். நோபல் பரிசு பெற்ற வெங்கி ராமகிருஷ்ணனின் தங்கை லலிதா ராமகிருஷ்ணன் இந்தத் துறையில் பெரிய பெயர். உடல் வழியே ஊடுருவிப் பார்க்க முடிகிற வரிக்குதிரை மீன் குஞ்சுகளில், மீன்களுக்கு டிபி போன்ற நோய் தரும் கிருமியை விட்டு, மேக்ரோஃபேஜ்களை உயிரோடு நுண்ணோக்கியில் கவனித்தது அவர் குழு. டிஎன்எஃப் குறைந்த மீன்களில் கிருமி பெருகியது. எதிர்பார்த்ததுதான். டிஎன்எஃப் மிக அதிகமான மீன்களிலோ, மேக்ரோஃபேஜ்கள் முதலில் கிருமியைக் கொன்றாலும் பிறகு தாமே வெடித்துச் செத்தன. உள்ளேயிருந்து தப்பிய கிருமிகள் வெளியே தடையின்றிப் பெருகின. குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு.

மனிதர்களில் இதற்கு நல்ல சான்று மூளைக்காய்ச்சல் டிபி. வியட்நாமில் 545 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2004-ல் வெளியானது. டிபி மருந்தோடு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் பெற்றவர்களில் ஒன்பது மாதத்துக்குள் இறந்தவர்கள் சுமார் 32 சதவீதம். பெறாதவர்களில் சுமார் 41 சதவீதம். கிருமியைக் கொல்லும் வேலையை மருந்து பார்த்துக்கொள்ளும்போது, மேக்ரோஃபேஜ்கள் மூளைக்குள் நடத்தும் சண்டையைத் தணிப்பது உயிரைக் காத்தது. ஸ்டீராய்டு மேக்ரோஃபேஜை அடித்துப் போடுவதில்லை என்பதும் முக்கியம். டிஎன்எஃப் சுரப்பைக் குறைத்து, செத்த செல்களை அள்ளும் துப்புரவுப் பக்கம் அதைத் திருப்பிவிடுகிறது.

கழுத்துக் கட்டிக்கு அந்த அளவு உறுதியான சான்று இல்லை. அனுபவத்தில் பயன்படுத்துகிறோம், பலருக்கு வீக்கமும் வலியும் சீக்கிரம் தணிகின்றன. எனவே “கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடு” என்று நான் சொல்லப்போவதில்லை. வலி தாங்கும்படி இருந்து, கட்டி மூச்சுக்குழாயையோ உணவுக்குழாயையோ அழுத்தாமல், காய்ச்சலும் லேசாக இருந்தால், டிபி மருந்தை மட்டும் தொடர்ந்து, தேவைப்பட்டபோது சீழை உறிஞ்சிவிட்டுக் காத்திருப்பதும் ஒரு வழி. பலருக்குத் தானாகவே அடங்கும். வாராவாரம் சீழ் சேர்கிறது, தோல் உடையப் போகிறது, காய்ச்சலில் வேலைக்குப் போக முடியவில்லை என்றால் ஸ்டீராய்டின் பக்கம் தராசு சாயும். மருத்துவரிடம் இவற்றைக் கேளுங்கள்:

- மருந்து கேட்காத கிருமி இல்லை என்பதில் எவ்வளவு உறுதி? எந்த ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறோம்?
- எத்தனை வாரம், எப்படிப் படிப்படியாகக் குறைப்பது? சில வாரம் சாப்பிட்டபின் ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது ஆபத்து.
- சர்க்கரையை எப்போது பார்ப்பது? அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் தம்பிக்கும் ஏறும் வாய்ப்பு அதிகம்.
- ரிஃபாம்பிசினைக் கணக்கில் வைத்து அளவு போட்டிருக்கிறதா? அது ஈரலில் ஸ்டீராய்டைச் சீக்கிரம் கரைத்துவிடும்.

இவற்றைக் கேட்பதும், ரிசல்ட்டுகளின் நகல் வாங்குவதும், வேறொரு மருத்துவரின் கருத்தைப் பெறுவதும் நோயாளியின் உரிமை. எழுதிக் கொடுத்த மாத்திரையை அலமாரியில் வைத்துவிட்டுச் சாப்பிடுவதாகச் சொல்வதுதான் கூடாது. அடுத்த முடிவை மருத்துவர் அதை நம்பித்தான் எடுப்பார்.

3,400 ரூபாய் கேப்ஸ்யூல்

வேண்டாம். அந்த விளம்பரம் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் வேண்டாம்: ஏற்கெனவே அளவுக்கு மீறிக் கொதிக்கும் செல்களை இன்னும் தூண்டி என்ன சாதிக்கப் போகிறோம்? அதில் வேறு என்னென்ன கலந்திருக்கிறது என்பதும் தெரியாது; டிபி மாத்திரைகள் ஏற்கெனவே ஈரலுக்குச் சுமை. கேப்ஸ்யூலில் வைட்டமின் டி இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மேக்ரோஃபேஜ் கிருமியைக் கொல்ல வைட்டமின் டி உதவுகிறது என்று 2006-ல் ஆய்வுக்கூடத்தில் கண்டது நிஜம். நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் பொதுவாக எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. குறைபாடு இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவே.

அந்தப் பணத்துக்கு முட்டை, பருப்பு, கடலை, மீன், பால் வாங்குங்கள். ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் வெளியான ‘ரேஷன்ஸ்’ ஆய்வில், டிபி நோயாளிகளின் குடும்பத்தாருக்குக் கூடுதல் உணவுப் பொருள் கொடுத்தபோது அவர்களுக்குப் புதிதாக டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது. டிபி நோயாளிகளின் உணவுக்காக அரசு பணம் தரும் நிக்‌ஷய் போஷன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தம்பியின் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும் (2024 நவம்பருக்கு முன் 500 ரூபாய்). வரவில்லை என்றால் 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள். தம்பி பீடி, சிகரெட் பிடிப்பவரானால் அதை நிறுத்தச் சொல்லுங்கள். நுரையீரல் மேக்ரோஃபேஜ்களைக் கெடுப்பதில் புகைக்கு ஈடு இல்லை.

வீட்டில் மற்றவர்கள்

நெறிக்கட்டியில் மட்டும் இருக்கும் டிபி பிறருக்குப் பரவாது. தம்பிக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து நுரையீரல் சுத்தம் என்று உறுதிசெய்திருந்தால், தனித் தட்டு, தனி அறை எதுவும் தேவையில்லை. நுரையீரல் டிபிக்கே இந்தப் பிரித்துவைத்தல் அவசியமில்லை என்று உலகத்துக்குக் காட்டியது நம்ம சென்னைதான். 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், வீட்டிலிருந்தே சிகிச்சை பெற்றவர்களும் சானடோரியத்தில் (காசநோய் மருத்துவமனை) இருந்தவர்களும் ஒரேபோல் குணமானதையும், வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்துக்குக் கூடுதலாக நோய் பரவவில்லை என்பதையும் 1959 முதல் வெளியிட்ட அறிக்கைகளில் காட்டியது. பாப்பாவைத் தாய்மாமன் மடியில் தாராளமாக உட்கார வையுங்கள். ஆனாலும் பாப்பாவையும் அப்பாவையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். தம்பிக்குக் கிருமி யாரிடமிருந்தோ வந்திருக்கிறது. அதைக் கொடுத்தவர் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம். சர்க்கரை நோயாளிக்கு டிபி வரும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு. அப்பாவுக்கு இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் தாமதிக்காதீர்கள்.

கல்யாணம்

பெண் வீட்டாரிடம் மறைத்துவிடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். நோயாளியின் விவரத்தை மருத்துவமனை யாரிடமும் சொல்லாது. சொல்வதா இல்லையா என்பது தம்பியின் முடிவு. என் கருத்தைக் கேட்டால், சொல்லிவிடுங்கள், முதலில் அந்தப் பெண்ணிடம், தம்பி வாயாலேயே. கழுத்தில் கட்டி, தினமும் மாத்திரை, மருந்தால் வரும் ஆரஞ்சு நிறச் சிறுநீர்: இவற்றை மறைத்து ஒரு குடும்பம் தொடங்குவது நடக்கிற காரியமா? பரவாத நோய், முடியும் தேதியுள்ள சிகிச்சை, இல்லற வாழ்க்கைக்குத் தடையில்லை என்று சொல்ல உங்கள் மருத்துவரே உதவுவார். சிகிச்சை முடிந்த பிறகும் சிலருக்குச் சின்னக் கட்டி தட்டுப்படும். அது வளராமல் வலிக்காமல் இருந்தால் பெரும்பாலும் தழும்புதான். கல்யாணத்துக்கு முன் அதை அறுத்து எடுத்துவிடச் சொல்லி யாரும் அவசரப்படுத்த வேண்டாம்.

கீழ்க்கண்டவற்றில் எது வந்தாலும் அடுத்த செக்அப்புக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்: கண் மஞ்சளாவது, ஓயாத வாந்தி, பார்வை மங்குவது, நிறம் பிரித்துப் பார்க்கச் சிரமம், விடாத தலைவலி, குழப்பமான பேச்சு, மூச்சு விடும்போது சத்தம், விழுங்க முடியாமை; ஸ்டீராய்டு ஆரம்பித்திருந்தால் கறுப்பாக மலம் போவது, அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர். அவசரப் பிரிவில் இருப்பவரிடம் “டிபிக்கு மாத்திரை சாப்பிடுகிறான்” என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லி, மாத்திரைப் பட்டையையும் கையில் கொண்டுபோங்கள்.